கடைசியாக வருபவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சிங்கம்புணரிப் பக்கத்துப் பிரான்மலையில் நம் குழு ஏறியபோது, மெதுவாக வந்த ஒரு ஆச்சியைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போனது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்த ஆச்சியின் வீடியோ வந்திருக்கும். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் "நடக்க முடியாதவங்க ஏன் வர்றீங்க?" என்று நேற்று ஒருவர் எழுதியதற்கு அத்தனை பேர் லைக் போட்டதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். குழுவாக மலை ஏறினால் கடைசியாக வருபவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது. முதலில் உச்சியைத் தொட்டது யார் என்பது யாருக்கும் தேவையில்லை.

அந்த ஆச்சி மெதுவாகத்தான் ஏறினார்கள். ஆனால் ஏறிக்கொண்டே இருந்தார்கள். தாமதமாகக் கிளம்பிய நானும் என் தங்கையும் பார்த்தபோது, மறைவே இல்லாத பாறைச் சரிவில், வாடைக்காற்று ஆளைத் தள்ளுகிற இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். விரல் விறைத்து, தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. போர்வை வைத்திருந்த பை மேலே போய்விட்டது. முன்னால் போனவர்கள் உச்சியில் தர்கா பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன இமயமலையா?" என்கிறீர்கள். இல்லை, ஏறத்தாழ 2,500 அடிதான். ஆனால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது இந்த மலைக்கும் சேர்த்துத்தான். அதைவிடப் பெரிது காற்று. ஏறும்போது துணி வியர்வையில் நனைகிறது. உட்கார்ந்ததும் உடம்பில் சூடு உண்டாவது குறைந்துவிடும், ஈரத்தை உலர்த்தும் காற்று இருக்கிற சூட்டையும் கொண்டுபோய்விடும். நூல் சேலை சீக்கிரம் காயாது. வயதானவர்களின் உடம்புக்குக் குளிரைச் சமாளிக்கும் சக்தியும் குறைவு. காரைக்குடியில் மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிறவர்கள் நாம், ஸ்வெட்டர் எடுத்துவர யாருக்குத் தோன்றும்?

"இருட்டுவதற்குள் இறங்கணுமே" என்பவர்களுக்கு: சரி, விடியற்காலையில் கிளம்புங்கள். "எல்லாருக்கும் காத்திருந்தா உச்சிக்கே போக முடியாது" என்றால் போகாதீர்கள்.

சின்ன வயதில் தைப்பூசத்துக்கு ஐயாவோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்திருக்கிறேன். காவடிக் கூட்டத்தோடு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக. கொப்புளம் வெடித்து நான் பின்தங்கினால் ஐயாவும் நடையைக் குறைத்துவிடுவார். முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று காலுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டு, "மெதுவா வாப்பா, நாங்க இருக்கோம்" என்பார்கள். அதே சிங்கம்புணரிக்குப் பக்கத்தில்தான் ஒரு ஆச்சியைக் காற்றில் தனியாக விட்டிருக்கிறார்கள்.

அழைப்பில் பிரான்மலையை "பாரி ஆண்ட பறம்பு மலை" என்று பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பற்றிப் படர கொம்பில்லாத முல்லைக்குத் தேரையே விட்டுவிட்டுப் போனவன் பாரி. அவன் மலையில் உங்களால் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லையா?

நம் ஊர்களில் எத்தனை பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! திறந்திருக்கும் வீட்டிலும் வயதானவர் ஒருவரோ இருவரோதான். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். ஒரு நாளாவது நாலு பேரோடு பேசிக்கொண்டு நடக்கலாம் என்றுதான் ஆச்சி வந்தார்கள். அவர்களைப் பார்த்து ஏன் வந்தீர்கள் என்று கேட்க எப்படி மனசு வருகிறது?

அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். அதில் ஆச்சியின் முகம் நன்றாகத் தெரிகிறது. அவர்கள் மகன் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்து, இனிமேல் எங்கேயும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டாராம்.