வெயிலுக்காகப் பவுடர் பாலில் தண்ணீர் கூட்ட வேண்டாம்

தாய்ப்பாலோடு பவுடர் பாலும் கொடுப்பவர்கள், வேலூர் வெயிலுக்குக் குழந்தைக்குத் தாகம் எடுக்கும் என்பதால் தண்ணீரைச் சற்றுக் கூட்டிக் கலக்கலாம் என்று இங்கே ஒரு அக்கா சொல்லியிருக்கிறார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அப்படிச் செய்யக் கூடாது.

ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீரே தேவையில்லை, அக்னி நட்சத்திரத்திலும்கூட. தாய்ப்பாலில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். பவுடர் பாலை நீர்க்கக் கலந்தால் வயிறு நிறையும், சத்து சேராது. பிஞ்சுச் சிறுநீரகம் கூடுதல் தண்ணீரை வெளியேற்றத் திணறும். ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

சந்தேகமிருந்தால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அளவு அட்டவணை இருக்கும். பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்கு, தலைதட்டிய ஒரு ஸ்பூன் (அந்த டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பூன்தான், வேறு கம்பெனியுடையது அல்ல). முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அப்புறம் பவுடர். மே மாதத்துக்கென்று தனிக் கணக்கு எந்த டப்பாவிலும் இருக்காது. புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது சுகாதார நர்ஸிடமும் கேட்டுப் பாருங்கள்.

தாகமோ என்று தோன்றினால் இன்னொரு முறை தாய்ப்பால் கொடுங்கள்.