சண்டை போடும் அமைச்சர்கள் எங்கே?

1996இல் வந்த ‘சிவிலைசேஷன் 2’ கணினி விளையாட்டில் நாம் ஒரு நாகரிகத்தையே ஆள்வோம்; நமக்கு யோசனை சொல்ல ஐந்து ஆலோசகர்கள் இருந்தார்கள். வரைந்த பொம்மைகள் அல்ல, உண்மையான நடிகர்கள். காலம் மாற மாற அவர்கள் உடையும் மாறும். தளபதி படை கேட்டு உறுமுவார். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வேடத்தில் ஒருவர் மக்களின் மகிழ்ச்சிக்காக வாதாடுவார். ஆட்சி குலைந்துவிட்டாலோ ஐவரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தக் கூச்சலைக் கேட்டாலே வயிற்றில் புளி கரையும்.

இப்போது இத்தகைய விளையாட்டுகளில் என்ன இருக்கிறது? திரை ஓரத்தில் ஒரு சின்னம் மினுக்குகிறது, சுட்டியை அதன்மேல் வைத்தால் ஓர் எண் தெரிகிறது. அவ்வளவுதான். எண்ணை வைத்துக்கொண்டு நான் யாருடன் சண்டை போடுவது? அந்த விளையாட்டில் குடிமக்கள் மகிழ்ந்து நமக்கு அழகுபடுத்தித் தந்த அரியணை மண்டபத்தையும் காணவில்லை. அன்று ஒரு குறுந்தகட்டில் அடங்கியவர்களுக்கு இன்றைய கணினியில் இடமில்லையா? திருப்பிக் கொடுங்கள்!