‘ஃபண்டி’ என்றால் பண்ட் வாங்குபவரா?

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: ‘ஃபண்டி’ என்றால் வெளிநாட்டு பண்ட் (நிதி) வாங்கி மதம் பரப்புபவர், முஸ்லிம்களைத் திட்டத்தான் அந்தச் சொல்லையே உண்டாக்கினார்கள். இரண்டுமே பிழை.

பண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘ஃபண்டமெண்டலிஸ்ட்’ என்ற நீளமான சொல்லை ஆங்கிலப் பேச்சில் கத்தரித்ததுதான் ‘ஃபண்டி’. நாம் அடிப்படைவாதி என்கிறோமே, அதேதான். கூடவே கொஞ்சம் நக்கல்.

அப்புறம், மூலச்சொல் முதலில் ஒட்டியது அமெரிக்கப் புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்களிடம். 1910 முதல் 1915 வரை ‘தி ஃபண்டமெண்டல்ஸ்’ என்ற பெயரில் 12 தொகுதிக் கட்டுரைகள் அங்கே வெளிவந்தன. எண்ணெய் வியாபாரி லைமன் ஸ்டுவர்ட் செலவை ஏற்று, போதகர்களுக்கு இலவசமாக அனுப்ப வைத்தார். (பண்ட் கதைக்கு ஆதாரம் தேடுகிறவர்கள் இதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். சொல் பிறந்தது ‘அடிப்படைகள்’ என்ற பொருளில்.) 1920இல் பப்டிஸ்ட் என்ற புரொட்டஸ்தாந்துப் பிரிவின் பத்திரிகை ஆசிரியர் கர்ட்டிஸ் லீ லாஸ், அந்த அடிப்படைகளுக்காக வாதாடிய தன் அணியினருக்கு ‘ஃபண்டமெண்டலிஸ்ட்’ என்று பெயர் வைத்தார். வசையாக இல்லை, பெருமையாகத்தான். 1925இல் டென்னசியில் பரிணாமக் கொள்கை கற்பித்த ஆசிரியர் மீது நடந்த வழக்குக்குப் பிறகு அந்தச் சொல்லில் ஏளனம் ஏறியது. முஸ்லிம்களை நோக்கி அது பரவலாகத் திரும்பியது 1979 ஈரான் புரட்சியை ஒட்டித்தான்.

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் ‘ஃபுண்டி’ என்றால் கைவினைஞர். அது வேறு சொல், நல்ல சொல்.

சரி, இங்கே பயன்படுத்தலாமா? பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ ஒழுங்காகப் போகிறவரை ‘ஃபண்டி’ என்பது தப்பு. பக்திக்கு அந்தப் பெயர் இல்லை.