பிள்ளை பிடிக்கிறவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் என் ஊர்க்காரர்களுக்கு

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் குரல் பதிவு மறுபடியும் வந்திருக்கிறது. வெளியூர்க் கும்பல் இறங்கியிருக்கிறதாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம், ராத்திரியில் யார் தென்பட்டாலும் விடாதீர்களாம். எந்த ஊர்ப் பிள்ளை, எந்தக் காவல் நிலையத்தில் புகார், ஒன்றும் கிடையாது. கீழே வரிசையாக "உஷார்", "பகிரவும்". பகிர்ந்தவர்களில் என் உறவுக்காரர்களும் இருக்கிறார்கள், என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். குழுவில் நாலு வரி போட்டு முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

2018 மே மாதம் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. வண்டியில் இருந்த வயதான அம்மா அங்கே நின்ற குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அதற்காகவே அவரை அடித்துக் கொன்றார்கள். கூட வந்தவர்களுக்கும் பலத்த அடி. அதே மாதம் பழவேற்காட்டில் ஒரு மனிதரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்தச் சமயம் நாடு முழுக்கச் சுற்றிய பிள்ளை கடத்தல் வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்த படம். "இது விழிப்புணர்வுக்காக" என்று வரும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தார்கள். வந்த செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாது என்று இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்ததே அந்த வருஷம் ஜூலையில், இந்தச் சாவுகளுக்கு அப்புறம்தான்.

சரி, அதெல்லாம் வடக்கே நடந்தது, காவிரி டெல்டாவில் அப்படி நடக்காது என்பவர்களுக்காக, தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு தைலமரக் காட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

கோடை மழை கொட்டி ஓய்ந்த ராத்திரி. அக்கா வீட்டிலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். தார்ச்சாலையில் மரம் விழுந்து கிடப்பதாகச் சொன்னதால் காட்டுக்குள் போகும் மண்பாதையில் வண்டியை விட்டேன். தைலமரக் காட்டில் ராத்திரி போனவர்களுக்குத் தெரியும். எல்லா மரமும் ஒரே பருமன், எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. நடுவழியில் ஹெட்லைட் வெளிச்சத்தில் தரையை ஒட்டிப் பச்சையாகக் கண்கள். ஒன்றிரண்டு இல்லை, வெளிச்சம் போன தூரம் வரைக்கும் கண்கள். வண்டியை நிறுத்தினேன். மரங்களுக்கு நடுவே நாலைந்து உருவங்கள் எழுந்தன. கையில் ஆளுயரத்துக்கு மேல் கம்பு, நுனியில் அரிவாள் மாதிரி ஏதோ மின்னியது. நெஞ்சு படபடத்தது. அப்புறம் ஒரு ஆடு செருமிய சத்தம் கேட்டது. மூச்சு வந்தது. கிடைக்காரர்கள், எருவுக்காக வயலில் ஆட்டு மந்தையை அடைக்கிறவர்கள். கையில் இருந்தது தழை அறுக்கும் துரட்டி.

டெல்டாவில் பிறந்தவர்களுக்குக் கிடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இப்போது டிராக்டரும் உரமூட்டையுமாகவே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. சம்பா, தாளடி அறுப்பு முடிந்து, தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் எடுத்த பிறகு வயல் சும்மா கிடக்கும். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் வரைக்கும் அந்த மாதங்கள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளுடையவை, அதாவது மந்தைக்குத் தலைவரான ஆட்டுக்காரர்களுடையவை. அவர்கள் ஊரில் அப்போது புல்லும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. ஆட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே வருவார்கள். பகலில் மேய்ச்சல். ராத்திரி எந்த விவசாயி கேட்டாரோ அவர் வயலில் வலை கட்டி அடைப்பார்கள். ஆட்டுக் கணக்கைப் பார்த்து ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி. முன்பெல்லாம் நெல்லாகவே அளந்து கொடுத்தார்கள். தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் ஆட்டெருவில் 3 சதவீதம் என்று வேளாண் துறைக்காரர்கள் சொல்வார்கள். எருவோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குவதுதான் கிடையின் பெரிய லாபம். "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த மண் இத்தனை காலம் விளைந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அன்றைக்கு அவர்கள் அடைத்திருந்த வயல் மழையில் சேறாகிவிட்டது. ஈரத்தில் நின்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும். அதனால் மேடாக, மணற்பாங்காக இருந்த காட்டுக்குள் மந்தையை ஏற்றியிருந்தார்கள். பெரியவர் ஒருவர், அவர்தான் கீதாரி, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்தார். "பயப்படாதீங்க தம்பி, நாங்க கமுதிக்கு அங்கிட்டு. ஆட்டை விலக்கிவிடுறோம், மெதுவாப் போங்க" என்றார். பயந்தது நான். ஆனால் அவர் குரலிலும் நடுக்கம் இருந்தது. ராத்திரியில் உள்ளூர்க்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தினால் அதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்போல.

நடந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பக்கத்து ஊர் இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் பைக்கில் வந்து சூழ்ந்துகொண்டார்கள். காட்டில் டார்ச் தெரிகிறது என்று யாரோ குழுவில் போட்டிருக்கிறார்கள். அந்த வாரமும் இதே மாதிரி ஒரு குரல் பதிவுதான் சுற்றிக்கொண்டிருந்தது. "யார்ரா நீங்க, ஆதார் இருக்கா, எத்தனை பேரு" என்று கேள்விக்கு மேல் கேள்வி. மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார்கள். அரிசி, மிளகாய்த்தூள், இரண்டு போர்வை, ஆட்டுக்கு ஊற்றும் மருந்து பாட்டில். கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், உள்ளே ஈன்று நாளாகாத குட்டிகள். கீதாரி கையெடுத்துக் கும்பிட்டபடி, "சம்சாரிக்கு போன் போட்டுக் கேளுங்கய்யா, அவருதான் வரச் சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன் போட்டார்கள். வயல்காரர், நான்தான் கிடைக்குச் சொன்னேன் என்றார். அவ்வளவுதான், பதற்றம் இறங்கிவிட்டது. "சரி பெரியவரே, கிடைக்காரங்கதானா, முன்னாடியே சொல்லக்கூடாதா" என்று ஒரு தம்பி சிரித்தான். வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் மோசமான பையன்கள் இல்லை. ஒரு அடி விழவில்லை, அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

ஆனால் அத்தனை டார்ச்சும் ஒரு பையன் மேலும் அடித்தது. பதினொரு வயது, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு இருக்கும். முழங்கால் வரைக்கும் தொங்கும் பெரிய ஆள் சட்டை. மடியில் ஒரு குட்டி. அதன் வாயில் ஒட்டியிருந்த கோழையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். வலது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது, துணி கறுத்துப் போயிருந்தது. எல்லோரும் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து கேட்டான்: "அண்ணே, பட்டுக்கோட்டை பஸ் அந்த ரோட்டுலதான் போவுமா?"

அது ராமநாதபுரத்துக் கமுதிப் பேச்சு இல்லை. நம்ம பக்கத்துப் பேச்சு.

கீதாரியிடம் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. "அவங்க அப்பன்தான் கொண்டாந்து விட்டுட்டுப் போனான் தம்பி. முன்பணம் வாங்கியிருக்கான். கணக்கு முடிஞ்சா அனுப்பிருவோம்." தொகையையும் சொன்னார். அந்தத் தம்பிகள் கையில் இருந்த எந்த போனின் விலையும் அதைவிட அதிகம்தான் இருக்கும்.

பிள்ளை பிடிக்கிறவனைத் தேடி அத்தனை பேர் வந்தார்கள். பெற்றவனிடமிருந்து காசுக்குக் கைமாறிய பிள்ளை அவர்கள் முன்னால் நின்றது. பேர் என்ன, எந்த ஊர், ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. வயல்காரரின் ஒரு "ஆமா"வோடு எல்லாருடைய கவலையும் தீர்ந்துவிட்டது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம்முடைய பயம் பிள்ளைகளுக்காக இல்லையா? நம் வீட்டுப் பிள்ளைக்காக மட்டும்தானா?

இது எங்கோ ஒன்று நடக்கும் அதிசயம் இல்லை. டெல்டா மாவட்டங்களில் ஆட்டுக்கிடையிலிருந்தும் வாத்து மேய்ப்பிலிருந்தும் பிள்ளைகளை மீட்ட செய்தி பல தடவை வந்திருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னையையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு, கடனுக்காகப் பெற்ற பிள்ளையை ஆடு மேய்க்க அனுப்பிய குடும்பத்தைப் பற்றியும் படித்தோம். படித்துவிட்டு உச்சுக் கொட்டினோம்.

"அவன் வீட்டில் பட்டினி, இங்கே மூணு வேளை கஞ்சியாவது கிடைக்குது" என்று எனக்குப் பதில் சொன்னவர்கள் உண்டு. படித்தவர்கள், சொந்தமாக நிலம் உள்ளவர்கள். அவர்களிடம் நேராகக் கேட்கிறேன்: உங்கள் பேரனுக்கு இதே நியாயம் பேசுவீர்களா? அவன் தின்றது கஞ்சி. செய்தது ராப்பகலாக வேலை. பாம்பு, மழை, நாய், லாரி எல்லாவற்றுக்கும் நடுவில் படுக்கை. பஸ் எந்த ரோட்டில் போகும் என்று அவன் கேட்டது வேடிக்கை பார்க்க இல்லை.

கீதாரியை மட்டும் வில்லனாக்கவும் எனக்கு மனசு வரவில்லை. அவர் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொழில் வேண்டாம். மந்தையில் பாதி அடுத்தவர் ஆடு. குட்டி செத்தால் நஷ்டம், லாரி ஏறினால் நஷ்டம், போகிற ஊரில் எல்லாம் திருடன் பட்டம். ஆள் கிடைக்காத இடத்தில் குறைந்த காசுக்கு ஒரு பையன் கிடைத்தான், எடுத்துக்கொண்டார். அது குற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிடையை வயலுக்கு அழைத்த நமக்கும், பணம் கொடுத்த நமக்கும் அதில் பொறுப்பு உண்டு.

1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. முன்பணம் வாங்கிய அப்பா ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. இது அந்த அப்பாக்களுக்குத் தெரியாது. பணத்தைக் கட்டினால்தான் பிள்ளை என்று நம்பி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பதே குற்றம். செய்ய வேண்டியதும் பெரிய காரியம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்தால் போதும், காசு ஆகாது. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுப்பார். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் நிவாரணத் தொகை, மறுவாழ்வு எல்லாம். அது இல்லாமல் வெறுமனே வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த கடனுக்குப் பிள்ளை வேறு கிடைக்குப் போய்விடும். மீட்க உதவுகிறவர்கள் இந்தச் சான்றை வாங்காமல் விடாதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அன்று ராத்திரியே நான் அந்த எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பையன் இப்போது கிடையில் இல்லை. அதற்குமேல் அவனைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். அவன் வளர்ந்து அவனே சொல்லட்டும்.

ராத்திரிக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போர் மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், காவல் இருங்கள். ஆனால் கிடைக்குச் சொல்கிற விவசாயி பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், கமுதியிலிருந்து நடந்து வந்த மனிதர் நடுராத்திரியில் நம் பிள்ளைகள் முன்னால் கும்பிட்டு நிற்க வேண்டியிருக்காது. கிடையில் பிள்ளை இருந்தால் யாருடைய பிள்ளை என்று கேட்கவும் வேண்டும்.

போன சித்திரையில் என் சித்தப்பா கேட்டார். வேறு ஒரு கிடை, வேறு கீதாரி. ராத்திரிக் கூலியைப் பேசி முடிக்கும்போது ஆட்டுக்கு நடுவில் நின்ற பையனைக் காட்டி, "இது யாரு?" என்றார். "பேரன்யா, முழுப் பரீட்சை லீவுக்கு வந்திருக்கான்" என்றார் கீதாரி. சித்தப்பா விடவில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எத்தனாவது, வாத்தியார் பேரு என்ன என்று பையனையே கூப்பிட்டுக் கேட்டார். ஏழாவது முடித்து எட்டாவது போகிறேன் என்றான், கணக்கு வாத்தியார் பேரைச் சொன்னான், அவர் ரொம்ப அடிப்பார் என்றும் சொன்னான். தாத்தா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி எங்கள் வயலில் கிடை இறங்கியது.