துப்பாக்கியா, பீரங்கியா?

புது ஆயுதம் ஏதாவது செய்தியில் அடிபட்டால் போதும், 'போரே மாறிவிட்டது' என்று ஆரவாரம் தொடங்கிவிடும். 'டாங்கியின் காலம் முடிந்தது' என்பதை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை. அப்போதெல்லாம் எனக்கு 1870இல் பிரான்சும், அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் மோதிய போர்தான் நினைவுக்கு வரும்.

பிரான்சிடம் மித்ராயூஸ் என்றொரு ஆயுதம் இருந்தது. 25 குழல்கள், கைப்பிடியைச் சுற்றினால் சரமாரியாகக் குண்டு பாயும். அதைப் பரம ரகசியமாகப் பொத்தி வைத்ததில் சொந்தப் படைக்கே சரியான பழக்கமில்லாமல் போனது. சக்கர வண்டியில் ஏற்றியதும் பார்க்கப் பீரங்கி மாதிரியே இருந்ததா, பீரங்கிப் படையிடமே கொடுத்துத் தொலைவில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பிரஷ்யாவின் க்ருப் பீரங்கிகளோ அதைவிட அதிக தூரம் எட்டுபவை. அப்புறம் என்ன ஆகும்?

70 ஆண்டு கழித்து அதே பிரான்ஸ். ஷார் பி1 டாங்கியின் கவசம் அன்றைய ஜெர்மன் டாங்கிகளுடையதைவிடத் தடிமன். எண்ணிக்கையிலும் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பகுதியைக் காலாட்படைக்குத் துணையாகப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்திருந்தார்கள். டாங்கியின் மேலே சுழலும் கோபுரத்துக்குள் ஒரே ஆள்: குண்டு நிரப்புவதும் அவரே, சுடுவதும் அவரே, கட்டளையிடுவதும் அவரே! ஜெர்மனி தன் டாங்கிகளை ஒன்றாகத் திரட்டி, ரேடியோவும் பொருத்தி, ஆர்டென் காட்டு வழியாகப் பிரான்சின் ஸெடான் நகரில் வந்து நின்றது. ஆறே வாரத்தில் பிரான்ஸ் விழுந்தது. இந்தக் கதையில் நாயகன் யார் என்று கேட்டால் நான் ரேடியோவைத்தான் சொல்வேன்.

படைக்கோட்பாடு என்ற கனமான சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை இந்தக் கேள்விகள்தான்: ஆயுதத்தை யார் கையில் கொடுப்பது, எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்டுச் சுடுவது?

ஆர்மீனியாவுடன் நடந்த 2020 கராபாக் போரில் அஜர்பைஜான் பழைய அன்-2 விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டது. தூண்டில் புழு! அவற்றைச் சுடப் போய் ஆர்மீனிய வான் பாதுகாப்பு தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் உலகமே அஜர்பைஜான் பறக்கவிட்ட பைரக்தார் என்ற துருக்கி ட்ரோனைத்தான் கொண்டாடியது. அதே பைரக்தார் 2022இல் உக்ரைனில் தொடக்க வாரங்களில் ஜொலித்தது. ரஷ்ய வான் பாதுகாப்பு சுதாரித்துக்கொண்டதும் மங்கிப்போனது.

இப்போது அங்கே, கேமரா காட்டுவதை நேரலையில் பார்த்தபடி இயக்கும் சின்னச் சின்ன எஃப்பிவி ட்ரோன்களின் காலம். ட்ரோன்களுக்கென்றே 2024இல் உக்ரைன் தனிப் படைப்பிரிவு தொடங்கியது. எதிரி ஜாமர் வைத்து சிக்னலை அறுத்தால், மெல்லிய ஒளியிழைக் கேபிளை இழுத்துக்கொண்டே ட்ரோன் பறக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. கடைசிச் சில நொடிகளுக்கு இலக்கை மென்பொருளிடமே ஒப்படைத்துவிடுவது.

எனக்கு உறுத்துவது இந்த இரண்டாவது வழிதான். தன்னியக்க ஆயுதங்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012இல் விதி வகுத்து, 2023இல் புதுப்பித்தது. அதன்படி, சுடும் விஷயத்தில் தகுந்த அளவுக்கு மனித மதிப்பீடு இருக்க வேண்டும். எது 'தகுந்த அளவு'? அதற்கு அறைகளுக்குள் விளக்கம் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஜாமரிலிருந்து தப்புவதற்காக ஒரு பொறியாளர் எழுதும் நிரல் அந்த அளவைக் குறைத்துக்கொண்டே போகிறது. அவரிடம் போய்க் கேட்டால், 'சிக்னல் கிடைக்கவில்லை சார்' என்பார்.