நான் குந்தியது கேரியரைப் பார்க்க

போன வாரம் நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாபநாசம் தாண்டி ஒரு டீக்கடை வாசலில், ஒரு டச்சு ஜோடியின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நான் குந்தியிருக்கிற படம். அதில் என் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு "வெள்ளைக்காரன் காலில் விழுந்த சோழநாட்டுச் சிங்கம்" என்று நம் சைக்கிள் குரூப்பிலேயே ஒருத்தர் சுற்றவிட்டார். சிரிப்புப் பொம்மை மட்டும் 43. எண்ணினேன், மறைப்பானேன்.

ஐயா, நான் குந்தியது கேரியரைப் பார்க்க. அது முன் சக்கரத்தின் ரெண்டு பக்கமும் கீழே அச்சு உயரத்தில் இருந்தது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது.

அதில் எனக்கென்ன அவ்வளவு அக்கறை? போன வருஷம் வேதாரண்யம் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? 1930-ல் உப்பெடுக்க நடந்து போன வழி என்று பெருமையாக எழுதினேன். எழுதாத பாதி இது: 9 கிலோ பையைப் பின் கேரியரின் உச்சியில் பழைய டியூபை வெட்டிக் கட்டியிருந்தேன், எழுந்து மிதித்தால் வண்டி குடித்தவன் மாதிரி ஆடியது, திருத்துறைப்பூண்டிக்கு முன்னாலேயே பின் சக்கரத்தில் 2 போக்ஸ் கம்பி அறுந்து ரிம் பிரேக் கட்டையில் உரச, மிச்ச தூரம் மினி லாரியில்தான் போனேன். இதற்கும் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஜோடி என்னைவிட மூன்று மடங்கு சுமை வைத்திருந்தார்கள். ஆனால் வண்டி ஆடவில்லை. கனமானதெல்லாம் கீழே, ரெண்டு பக்கமும் சமமாக. மேலே கூடாரம் மட்டும். வாயைச் சுருட்டி மூடுகிற பைகள், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் போகாதாம். பின் சக்கரத்தில் 36 போக்ஸ், என்னுடையதில் 28. அது போக, ஸ்பேர் போக்ஸ் மூன்றைப் பின் ஃபோர்க்கோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். மூன்று கம்பி, ஒரு சாண் டேப். என்னை மினி லாரி ஏறாமல் காப்பாற்றியிருக்கக்கூடியது அவ்வளவுதான்.

அந்தம்மா வண்டியில் ரோலாஃப் ஹப், அதாவது பின் சக்கரத்து நடு உருளை. 14 கியரும் ஹப்புக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே ஒன்றும் தொங்காது. தை மாசத்தில் நம் ரோடு எப்படி இருக்கும் என்று தெரியும், பாதி ரோட்டில் நெல், மீதியில் வைக்கோல். அன்று காலையில்தான் என் கியரில் வைக்கோல் சுற்றிக்கொண்டு கத்தியால் அறுத்து எடுத்தேன். அவர் வண்டி அதே வைக்கோல் மேல் ஏறிப் போனது. அப்புறம் என் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, இவ்வளவு காற்றா என்பது போலத் தலையாட்டிச் சிரித்தார். கல்லு மாதிரி அடித்தால்தான் வேகம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த குரூப்தான்!

"அவங்ககிட்ட காசு இருக்கு, லட்ச ரூபாய் ஹப் வாங்குவாங்க" என்கிறார் ஒருவர். சரி, இருக்கிறது. டேப்புக்கும் காசு இல்லையா உங்களிடம்?

"அடிமைப் புத்தி" என்றவருக்கு: டச்சுக்காரர்கள் 1658-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள், வாஸ்தவம். அந்தக் கணக்கை டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்த ரெண்டு பேரிடம் நான் தீர்த்திருக்க வேண்டுமா? 50,000 ரூபாய்க்குக் குறைந்த சைக்கிளோடு வருகிறவனை லாங் ரைடில் சேர்க்காத நீங்கள் அடிமைப் புத்தி பற்றிப் பேசலாமா? அந்தம்மா வண்டி இரும்பு ஃபிரேம். பெயின்ட் உரிந்து கிடந்தது. உங்கள் கார்பன் வண்டி விரிசல் விட்டால் அய்யம்பேட்டையில் யார் ஒட்டித் தருவார்? இரும்பு என்றால் கேட் வெல்டிங் பட்டறைக்காரர் போதும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. என் சித்தப்பா மகன் எழுதியதுதான் உறைத்தது. "இதெல்லாம் பெரியப்பா சைக்கிளில் இல்லாததா? வெள்ளைக்காரன் வந்து காட்டினால்தான் தெரியுமா உனக்கு?"

இருந்தது தம்பி. லெதர் சீட்டு இருந்தது, டைனமோ இருந்தது, பின் சக்கரத்தில் 40 போக்ஸ் இருந்தது. அந்த கேரியரில் 60 கிலோ நெல் மூட்டையை வைத்து அப்பா வெட்டாற்றுக் கரையோடு மில்லுக்கு மிதித்துப் போவார், ஒரு நாள் கூட போக்ஸ் அறுந்ததில்லை. காலேஜ் படிக்கும்போது அந்த வண்டி வாசலில் நிற்பதே எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா ஊரில் இல்லாத நாள் பார்த்துப் பழைய இரும்புக் கடையில் போட்டேன், கிலோ கணக்கில். திரும்பி வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டாண்டு போட்டு நிறுத்துகிற இடத்தைப் பார்த்தார், கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உனக்கு இது தெரியும். தெரிந்துதான் எழுதினாய்.

டீக்கடையில் இன்னொன்றும் நடந்தது. புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் தன் வண்டியை நிறுத்தினார். அந்தம்மா போய் அதன் கேரியர் பக்கத்தில் குந்திவிட்டார், ஐந்தாறு படம் எடுத்தார். அந்தக் கம்பி எத்தனை கனம் என்று என்னிடம் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய ஸ்பிரிங் வைத்த லெதர் சீட்டு கிடந்தால் சொல்லுங்கள். கிலோ கணக்கில் இல்லை, கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்கிறேன். வட்டம் போட்டவர் வீட்டில் இருந்தாலும் சரி.