பேனரில் மேரி கொல்வின்

மே மாதம் வந்தால் வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர்ப் பக்கம் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் பேனர்கள் முளைத்துவிடும். இந்த வருடம் ஒன்றில் அமெரிக்கப் போர்முனை நிருபர் மேரி கொல்வின் இருந்தார். இடது கண்ணில் கறுப்புத் துணி, கீழே ‘தமிழருக்காகக் கண் கொடுத்த வீரத்தாய்’ என்று கொட்டை எழுத்து. வைத்த தம்பிகள் எனக்குத் தெரிந்தவர்கள்தான். கைக்காசு போட்டு வைக்கும் நல்ல பிள்ளைகள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த வாசகம் தப்பு.

அவர் யாருக்காகவும் கண்ணைக் கொடுக்கவில்லை. பறிகொடுத்தார். 2001 ஏப்ரலில், பத்திரிகைக்காரர்கள் நுழையக் கூடாது என்று இலங்கை அரசு அடைத்து வைத்திருந்த, புலிகள் வசமிருந்த வன்னிக்குள் ரகசியமாகப் போய்ப் பார்த்தார். திரும்பும்போது, வவுனியா பக்கம் ராத்திரியில் எல்லையைத் தாண்டுகையில் ராணுவம் சுட்டது. நான் பத்திரிகையாளர், அமெரிக்கக்காரி என்று கத்தியிருக்கிறார். அதற்கு அப்புறம்தான் எறிகுண்டு வந்தது. சுட்டவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும் என்று பல வருடம் கழித்து, 2010-ல் லண்டனில் ஒரு தேவாலயத்தில் பேசும்போதும் சொன்னார். அந்தக் காயத்தோடு, லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகைக்கு 3,000 சொற்களில் கட்டுரையும் அனுப்பிவிட்டார்.

போன கண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த 3,000 சொல்லைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் அதுதான்.

இத்தனைக்கும் அவர் அங்கிருந்து கொண்டுவந்த செய்தியில் வீரசாகசம் குறைவு. சாப்பாடு இல்லை, மருந்து இல்லை, தொண்டு நிறுவனங்கள் உணவு கொடுக்கத் தடை, கரண்ட் இல்லை, தண்ணீர் இறைக்கும் பம்புக்கு எரிபொருள் இல்லை. லட்சக்கணக்கான சனம் இப்படிக் கிடக்கிறது, வெளியே யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் சேதி.

புழலில் என் ஜெராக்ஸ் கடைக்குக் காவாங்கரை ஈழ அகதிகள் முகாமிலிருந்து ஓர் அக்கா வருவார். 2006 வாக்கில் படகேறி வந்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தைக் கேட்டால் சாவகாசமாகச் சொல்வார். ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்தத் திரி வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தது. பேட்டரி கிடைக்காமல் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தது. கொல்வின் கட்டுரையைப் பற்றி ஒருநாள் அவரிடம் சொன்னேன். கண் போனதைக் கேட்டு “ஐயோ பாவம்” என்றார். அப்புறம், “அரிசி வராததையும் எழுதினவவோ?” என்றார். எழுதினார் என்றேன். எடுத்த நகல்களை எண்ணி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கொல்வின் பிறந்தது 1956-ல், நியூயார்க்கில். யேல் பல்கலைக்கழகப் படிப்பு, யு.பி.ஐ. செய்தி நிறுவனம், பிறகு சாகும்வரை சண்டே டைம்ஸ். அமெரிக்கா லிபியா மீது குண்டு போட்ட 1986-லேயே கடாஃபியைப் பேட்டி கண்டவர். இதையெல்லாம் விக்கிபீடியாவிலேயே படித்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிதாகப் படுவது 1999 செப்டம்பர், கிழக்கு திமோர். டிலி நகரில் ஐ.நா. வளாகத்துக்குள் 1,500 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தஞ்சம் புகுந்திருந்தார்கள். வெளியே ஆயுதக் கும்பல். ஐ.நா. ஆட்களே மூட்டை கட்டத் தயார். பெரும்பாலான நிருபர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். கொல்வினும் நெதர்லாந்துக்காரப் பெண் நிருபர்கள் இரண்டு பேரும் நகர மறுத்தார்கள். உள்ளே இருந்தபடி செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அந்தச் சனம் பத்திரமாக வெளியேற்றப்பட்டது. ஆம்பளை நிருபர்கள் எல்லாம் எங்கே என்று ஆசிரியர் கேட்டதற்கு, இப்போதெல்லாம் முன்ன மாதிரி ஆம்பளைகளைச் செய்வதில்லை போல என்று சொன்னாராம். நம்ம ராயபுரத்து மீன்காரம்மா யாராவது சொல்லியிருக்க வேண்டிய பதில்!

சரி, 2009-க்கு வருகிறேன். ஜனவரி கடைசியில், ஈழப் போரை நிறுத்தச் சொல்லித் தீக்குளித்த முத்துக்குமாரின் உடல் கொளத்தூரிலிருந்து மூலக்கொத்தளம் வரை ஊர்வலமாகப் போனது. வடசென்னையே தெருவில் நின்றது. அழுகைக்கும் ஆவேசத்துக்கும் குறைவில்லை. ஆனால் வன்னியில் அன்று என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்லச் சுதந்திரமான நிருபர் ஒருத்தரும் அங்கே இல்லை. விடவில்லை. கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. இன்றைக்கும் அந்த எண்ணிக்கையில் சண்டை ஓயவில்லை.

அந்தக் கடைசி நாட்களில் புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர்களான நடேசனும் புலித்தேவனும் சாட்டிலைட் போனில் பிடித்தது கொல்வினைத்தான். ஆயுதத்தைக் கீழே போடுகிறோம், உயிருக்கு உத்தரவாதம் வேண்டும் என்ற சேதியை அவர் ஐ.நா.வுக்குக் கொண்டுபோனார். கொழும்பில் இருந்த ஐ.நா. தூதர் விஜய் நம்பியாரை அதிகாலை 5.30-க்கு எழுப்பிக் கேட்டார். வெள்ளைக்கொடியை உயரப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும், ஜனாதிபதி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது பதில். நீங்கள் நேரில் போய் நிற்க வேண்டாமா என்றும் கொல்வின் கேட்டிருக்கிறார். தேவையில்லை என்றார்கள். மே 18-ல் இருவரும் பிணம். ஒரு வாரத்துக்குள் நேரத்தோடு, பெயரோடு எல்லாவற்றையும் பத்திரிகையில் எழுதினார். வெள்ளைக்கொடி விஷயத்தில் நாம் மேடையில் முழங்குவதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அவர் பெயரைச் சொல்லும் பேச்சாளர்தான் குறைவு.

நம் சேனல்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் வந்தபோது ஸ்டூடியோவுக்குள் சைரன் ஊதி, கராச்சித் துறைமுகமே காலி என்று சிலர் கத்தினார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். இதே நாட்டில் 1965 போரின்போது பிரபா தத் என்ற நிருபரை ஹிந்துஸ்தான் டைம்ஸ் போர்முனைக்கு அனுப்ப மறுத்தது. அவர் லீவு போட்டு, சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவதாகப் பஞ்சாபுக்குப் போய், அங்கிருந்து செய்தி அனுப்பினார். வேறு வழியின்றி அச்சிட்டார்கள். இந்தக் கதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கொல்வினைக் கும்பிடச் சொல்லவில்லை. குடி இருந்தது. போர் மனசைக் குலைத்து, அதற்கு மருத்துவமனையில் இருந்து சிகிச்சை எடுத்தார். 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகருக்குள் ஒரு நிலத்தடிக் குழாய் வழியாகப் போய், வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போனார். அந்த இரண்டாவது தடவை வேண்டியதில்லை என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் ஒரு குழந்தை செத்துப்போனதைப் பார்த்து, பி.பி.சி.யிலும் சி.என்.என்.னிலும் அவர் சொன்னது அந்த இரண்டாவது தடவையில்தான். மறுநாள் காலை, 22-ம் தேதி, அவர் இருந்த கட்டடத்தின் மேல் ஷெல் விழுந்தது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் கூடவே செத்தார்.

குடும்பம் சும்மா இருக்கவில்லை. உடன்பிறந்தவர் அமெரிக்காவில் வழக்குப் போட்டார். செய்தியாளர் என்பதாலேயே சிரிய அரசு குறிவைத்துக் கொன்றது என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. 30 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். சிரிய அரசு அந்த வழக்கில் ஆஜராகக்கூட இல்லை.